கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை

பெரிய வியாழன் பூசையில் எல்லா மணிகளையும் ஒருசேர அடித்துவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தூணில் கட்டிவிடுவார்கள். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரை மேட்டுப்பட்டியில் மணிச்சத்தம் கிடையாது. மணி அடிக்க வேண்டிய இடங்களில் உபதேசியார் ஒரு மரக்கட்டையைத் தட்டுவார். துக்க வீட்டுக் கதவை யாரோ தயங்கித் தட்டுவது போலிருக்கும் அது.

சூசைமாணிக்கத்துக்குச் சிறுவயதிலிருந்தே கிறிஸ்துமஸைவிட அந்த இரண்டு நாட்கள்தான் பிடிக்கும். இப்போது நாற்பத்தைந்து வயது. இருபத்திரண்டு வருடமாக வடமதுரை ரோட்டில் ஒரு நூற்பாலையின் ரிங் ஃபிரேம் பிரிவில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அமைதி என்பது சாப்பாடு மாதிரி, கிடைக்காவிட்டால் உடம்பு கேட்கும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போவான். எதிரே புத்தகம் விரித்தபடி இருக்கும். பாதி நேரம் படிப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பான்.

பெரிய வெள்ளியன்று பாடுகளின் வாசகத்தில், ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விட்டார் என்று சாமியார் வாசித்ததும் கோயில் முழுவதும் முழந்தாளிட்டது. குழந்தைகள்கூட என்ன காரணத்தாலோ அந்த நேரத்தில் அழுவதில்லை. 1987ஆம் ஆண்டின் அந்தச் சில நொடிகளில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அமைதி இல்லை.

ஒரு ஊதல் இருந்தது. மாசி மாதத்திலிருந்தே அவ்வப்போது தலைகாட்டியதுதான். பக்கத்து வீட்டு ரேடியோ என்றும், டிரான்ஸ்ஃபார்மர் என்றும் ஏதாவது சொல்லிச் சமாளித்து வந்தான். கோயிலுக்குள் அப்படி எதையும் சொல்ல முடியவில்லை. ரிங் ஃபிரேமை ஓடவிடும்போது முதலில் உறுமலாகத்தான் தொடங்கும். வேகம் ஏற ஏற ஒலி மெலிந்துகொண்டே போய், முழு வேகம் பிடித்ததும் ஊசிமுனை போல ஒன்று உச்சியில் நிற்கும். மெஷின், மோட்டார், ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த ஊசிமுனையை மட்டும் தலைக்குள் விட்டுவைத்தது போல இருந்தது. சுற்றிலும் தலைகுனிந்து முழந்தாளிட்டிருந்தவர்களை அவன் பார்த்தான். ஒருவர் முகத்திலும் எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் மனைவி சகாயசெல்வியிடம் கேட்டான்.

"உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"பெரிய வெள்ளியில என்னங்க கேக்கும்?" என்றாள் அவள்.

முதலில் வீட்டு வைத்தியம் நடந்தது. பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் காய்ச்சி சகாயசெல்வி இரண்டு காதிலும் விட்டாள். பக்கத்து வீட்டு கருப்பம்மாள் வந்து பார்த்துவிட்டு, "காது இரைஞ்சா யாரோ நெனைக்கிறாகன்னு அர்த்தம்யா" என்றாள்.

"நெனைக்கட்டும் ஆத்தா. அதுக்குன்னு மாசக்கணக்காவா நெனைப்பாக?"

"கடன்காரனா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்போது இன்னும் சிரிக்க முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் காது குடைகிறவனிடம் போனான். அவன் வெள்ளி போல மின்னும் கம்பியால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இதாண்ணே உங்களைப் படுத்துனது" என்றான். அழுக்கு போன காதில் ஊதல் முன்பைவிடத் துலக்கமாகக் கேட்டது.

மில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பேர் கேட்டார், ஊர் கேட்டார், எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொன்னான்.

"நான் கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்றீரு. காது கேக்கலைன்னு வந்து நிக்கிறீரே?"

"கேக்கலைன்னு சொல்லலை சார். கேக்குதுன்னுதான் சொல்றேன்."

"அது சரி. என்ன கேக்குது?"

அவன் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவனுக்கே பட்டது. ரத்தம் வரவில்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. ஒரு ஊதல். டாக்டர் மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் மூத்திரம் மஞ்சளாகப் போனது. வேறொன்றும் நடக்கவில்லை.

தூக்கம் போயிற்று. நூலகம் போயிற்று. ஒரு வரி படித்தால் அந்த வரியின் மேல் ஊதல் கோடு போட்டுக்கொண்டு போனது. பக்கத்தை மூடிவிட்டு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு அங்கேயும் போகவில்லை. அமைதியாக இருக்கும் இடம் எதைக் கண்டாலும் பயமாக இருந்தது. நாற்பது வருடம் எதைத் தேடித் தேடிப் போனானோ, அதற்குள்ளேயே அது குடியேறிவிட்டது.

அவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இது மில் கொடுத்தது. மில் சத்தத்திலிருந்து விலகிவிட்டால், வந்த வழியே மெல்ல மெல்லப் போய்விடும். பஞ்சு கோடவுனில் பொதிக் கணக்கு எழுதும் நாச்சிமுத்து ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கோடவுனுக்குள் நின்றால் எதிரே பேசுகிறவன் குரல்கூடப் பஞ்சுக்குள் அமுங்கிப் போகும். அந்த இடம் தனக்குக் கிடைக்க வேண்டும். லேபர் ஆபீசரிடம் போய்க் கேட்டான்.

"ரிங் ஃபிரேம்லேர்ந்து கோடவுனுக்கு எல்லாருந்தான் கேக்குறான். உமக்கு நோய்னு டாக்டர் சீட்டு கொண்டாரும். ஜூன் முப்பதுக்குள்ள கொண்டாந்தா பாக்கலாம்."

அடுத்த ஃபிரேமில் நிற்கும் பீர் முகமதுவிடம் இதைச் சொன்னான். சொன்னது என்றால் வாயால் அல்ல. அந்தப் பிரிவில் யாரும் வாயால் பேசுவதில்லை. கத்தினாலும் ஒரு முழத்துக்கு அப்பால் கேட்காது. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லோருக்கும் கண்ணே காதாகிவிடும். மேஸ்திரி தூரத்தில் முஷ்டியை நெஞ்சில் வைத்தால் நூல் நிறைந்த பாபினை மாற்ற வேண்டும். கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ. இரண்டு விரலை நிமிர்த்தினால் அடுத்த ஷிப்டும் நிற்கிறாயா என்று கேட்கிறார். மற்றதெல்லாம் உதடு. எதிராளி சத்தம் வராமல் வாயசைப்பான், இவன் படித்துக்கொள்வான். மில்லில் பிறந்த காதல்களும் சண்டைகளும் அப்படித்தான் நடந்தன. பீர் முகமது கெட்ட வார்த்தையைக்கூட ஒரு புருவத்தை மட்டும் தூக்கிச் சொல்லுவான்.

ஷிப்ட் முடிந்து சைக்கிள் எடுக்கும்போது பீர் முகமது வாயால் பேசினான். யூனியனில் இருப்பவன், விவரம் தெரிந்தவன்.

"மாப்ள, சத்தத்துல காது போனா அதுவும் தொழில் நோய்தான்னு சட்டத்துலயே எழுதிப்புட்டாங்க. இப்பத்தான் ரெண்டு மூணு வருசமாச்சு. செவிடுக்கு எழுதியிருக்கு. உன்னைய மாதிரி இரைச்சலுக்கு எழுதலை. ஆனா இரைச்சல் இருக்குன்னா காதும் கொஞ்சம் போயிருக்கும்ல? மதுரையில ஒரு காது டாக்டர் மெஷின் வச்சிருக்காராம். காது எம்புட்டு கேக்குதுன்னு கோடு போட்டுக் குடுத்துரும். அதைக் கொண்டாந்து இவன் மூஞ்சியில வையி. மனுசன்தான் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது."

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போனான். டாக்டர் வீட்டு மாடியில் ஒரு சின்ன மர அறை. உள்ளே சுவரெல்லாம் கார்க் ஒட்டியிருந்தது. கண்ணாடி வைத்த ஜன்னல் ஒன்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சூர்யகலா என்ற பெண் ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். அவள் அவன் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சின்னதா ஒரு சத்தம் வரும். வந்தா அமுக்குங்க. வரலைன்னா அமுக்காதீங்க. அம்புட்டுத்தான்."

கதவை மூடினாள். அவன் இதுவரை இருந்த இடங்களிலேயே மிக அமைதியான இடம் அது. ஊதல் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தான். அந்தப் பெண்ணின் கை ஒரு திருகைத் திருகியது. ஆள்காட்டி விரல் ஒரு விசையை அழுத்தியது. அவன் பொத்தானை அமுக்கினான். அவள் காகிதத்தில் புள்ளி வைத்தாள். விரல் மறுபடி அழுத்தியது. அமுக்கினான். புள்ளி வைத்தாள். கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பள்ளிக்கூடத்தில் எல்லாக் கணக்கும் சரியாக வருகிற நாளில் இருக்கும் ஒரு சுகம் அவனுக்குள் வந்தது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவன் யோசிக்கவே இல்லை.

டாக்டர் கோடு போட்ட காகிதத்தைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு வயசுல இப்படிக் காதா? என் காதே இம்புட்டு நல்லா இருக்காது."

"இரைச்சல் இருக்கே சார்."

"காதுல கோளாறு இல்லையே. வீட்டுல ஏதும் பிரச்சினையா? மனசுல கவலை? நல்லாத் தூங்குங்க. தேவைன்னா மனசு டாக்டருக்கு எழுதித் தாரேன்."

நார்மல் என்று ஒரே வார்த்தை எழுதிய சீட்டு. லேபர் ஆபீசர் அதைப் படித்துவிட்டு, "இருபத்திரண்டு வருசம் ரிங் ஃபிரேம்ல நின்னும் காது புதுசா இருக்கு. குடுத்துவச்ச ஆளுய்யா நீரு" என்றார். ஃபைலில் போட்டு மூடினார்.

அன்று சாயங்காலத்துக்குள் பிரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்காவது ஃபிரேம் பாண்டி தூரத்திலிருந்து அவனைப் பார்த்து, காதருகே ஒரு விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

சூசைமாணிக்கம் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான். காது நன்றாக இருக்கிறது என்று மெஷின் சொல்கிறது. அப்படியானால் இந்த ஊதல் எங்கே இருக்கிறது? காதில் இல்லையென்றால் எதில்? சித்தம் கலங்கிச் செத்துப்போன தன் சித்தப்பாவை நினைத்துக்கொண்டான். அவரும் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் முதலில் சொன்னார். சகாயசெல்வியிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். அவள் கேட்டால், "இப்ப பரவாயில்ல" என்பான்.

ஜூன் மாதம் ஒரு வார விடுமுறை நாளில், வெயில் தாழ்ந்த நேரம், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகாயசெல்வி வந்து தோளைத் தொட்டாள்.

"மூணு தரம் கூப்புட்டேன்."

"கேக்கலை. ஏதோ நெனைப்பு."

அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மீன்காரம்மா வாரா. வாங்கவா?"

"வேணாம். நேத்துத்தான வாங்குனோம்."

"கத்தரிக்கா இருக்கு. வெஞ்சனம் அதை வச்சிரவா?"

"வையி."

சகாயசெல்வியின் முகம் மாறியது. கண்ணில் நீர் வந்தது ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

"என்னடி?"

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள். இப்போது அவள் தொண்டை அதிர்வது அவன் விரலுக்குத் தெரிந்தது.

"மீனும் கத்தரிக்காயும் நான் வெறும் வாயசைச்சுத்தாங்க கேட்டேன். சத்தமே போடலை. நீங்க பதில் சொல்லுறீங்க."

அவன் விரல் அவள் தொண்டையிலேயே இருந்தது.

"எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்னு இப்பத்தான் தோணுது. முதுகுக்குப் பின்னால நின்னு உங்களக் கூப்புடுறதையே நான் விட்டுட்டேன். வந்து தொட்டுத்தான் கூப்புடுறேன். எப்ப இருந்துன்னு தெரியலை. வருசக்கணக்கா இருக்கும்."

அவனுக்குள் ஒரு கை தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திருகைத் திருகி, விசையை அழுத்துகிற கை. அவன் அதைப் பார்த்துத்தான் அமுக்கியிருந்தான். மேஸ்திரியின் முஷ்டியைப் பார்த்து பாபினை எடுப்பது போல. ஒரு சத்தத்தைக்கூட அவன் கேட்டிருக்கவில்லை. கேட்டதாக நினைத்திருந்தான்.

அன்று அவன் கிட்டத்தட்டச் சந்தோஷமாக இருந்தான். காது கெட்டுப் போயிருக்கிறது. பைத்தியம் இல்லை. கெட்ட காதில்தான் ஊதுகிறது. சீட்டு மாறும், கோடவுன் கிடைக்கும், ஒரு நாள் இது நிற்கும். ஜூன் முப்பதுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

இந்த முறை சகாயசெல்வியும் வந்தாள். பஸ் சின்னாளப்பட்டியில் நின்றபோது சேலை மூட்டைகளோடு நாலைந்து பேர் ஏறினார்கள். மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இருவரும் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "மறுபடியுமா?"

"சார், அன்னைக்கு நான் கேட்டு அமுக்கலை. பாத்து அமுக்கிட்டேன்."

"என்ன பாத்து?"

"அந்தப் பாப்பா கையை சார்."

"காதுல வாரதைச் சொல்லுய்யான்னா கையைப் பாத்துச் சொன்னீரா? ஏன் அப்படிப் பண்ணினீரு?"

இருபத்திரண்டு வருடத்தை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "மில்லுல அப்படித்தான் சார்" என்றான். டாக்டருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. சகாயசெல்வி குறுக்கே விழுந்து மீன் கதையைச் சொன்னாள். அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

சூர்யகலா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். "தப்பு எம்மேலயும்தான் சார்" என்று டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள். "ஆளைத் திருப்பி உக்கார வச்சிருக்கணும்."

கதவு மூடியது. எதிரே கார்க் சுவர். பார்க்க ஒன்றுமில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு காதை நீட்டினான். ஊதல் இருந்தது. அதற்குள் வேறு ஏதாவது வருகிறதா என்று தேடினான். வருவது போலிருந்தது. அமுக்கினான். இல்லை, அது தன்னுடையது. விட்டான். மறுபடி வருவது போலிருந்தது. மெஷின் அனுப்புவதும் ஊதல், உள்ளே இருப்பதும் ஊதல். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததா என்று கேட்கிறார்கள். வியர்த்தது. கோடவுனை நினைத்தான். அமுக்காமல் விட்டால் செவிடு என்று சீட்டு வரும் என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது. உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்து, ஐயம் வந்தபோதெல்லாம் அமுக்கினான். ஐயம் எப்போதும் வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. மெஷின் அனுப்பிய ஒலி பெரிதாகியது, இன்னும் பெரிதாகியது. வலது காதில், வெளியே இருந்து, அவனுடைய ஊதலே வந்தது. அதே உயரம், அதே மெலிவு. ஹெட்ஃபோனைக் கழற்றினான். ஒலி கழன்றது, தன்னுடையது மிஞ்சியது. மாட்டினான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தி உட்கார்ந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

"இதுதான்! இதுதான் பாப்பா! நிறுத்திராத! செல்வி, இங்க வா, இங்க வாடி!"

சூர்யகலா ஒலியின் உயரத்தைக் காட்டும் திருகைப் பார்த்தாள். நான்காயிரத்தில் நின்றது. "நாலாயிரத்துலதாண்ணே மில்லு ஆளுங்களுக்கெல்லாம் காது மொதல்ல போகும்" என்றாள்.

அவன் மனைவியை அறைக்குள் இழுத்துப்போய் அவள் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினான். கொண்டை இடித்தது. சகாயசெல்வி என்ன என்று தெரியாமல் சிரித்தபடி நின்றாள். சூர்யகலா விசையை அழுத்திப் பிடித்தாள்.

சிரிப்பு போயிற்று. புருவம் சுருங்கியது. பத்து நொடி இருக்கும். அவள் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைப் பிடுங்கி நாற்காலிமேல் போட்டாள்.

"இதுவா?"

"இதுதான்."

"இதேதானா? நாள் முழுக்கவா? இப்பவுமா?"

"இப்பவும்."

அவள் அவன் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் எதையாவது பிடுங்கி எறிந்துவிட வழி இருக்கிறதா என்று பார்ப்பவள் போல.

டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த முறை அவர் குரலில் எரிச்சல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்குப் பேரு இருக்கு சூசைமாணிக்கம். டின்னிட்டஸ். நீரா கற்பனை பண்ணிக்கிட்டது இல்லை. உள்காதுல நரம்பு நுனிகள் செத்துப் போயிருக்கும். செத்த இடம் சும்மா கிடக்காம ஊதும், அப்படி வச்சுக்கிடலாம். ஆனா அதை அளக்குற கருவி எங்ககிட்ட இல்லை. உமக்குக் கேக்குறது உமக்கு மட்டுந்தான் கேக்கும்."

"இப்ப எம் பொஞ்சாதிக்குக் கேட்டுச்சே சார்."

"அது மெஷினோட சத்தம்யா."

சகாயசெல்வி முன்னால் வந்தாள். "காது மந்தம்னாச்சும் எழுதிக் குடுங்க சார். அது உண்மைதான?"

"உண்மையா இருக்கும்மா. ஆனா மொத கோட்டுல எல்லாம் கேட்டுருக்கு. ரெண்டாவதுல சத்தம் அனுப்பாதப்பவும் அமுக்கியிருக்காரு. இதைப் பாத்தா எவனும் ஆளு ஏமாத்துறான்னுதான் சொல்லுவான். இதை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு பதினஞ்சு நாள் மில்லுக்குப் போகாம, சத்தம் படாம இருந்துட்டு வரச் சொல்லுங்க. திரும்ப எடுத்துப் பாப்போம்."

"முப்பதாம் தேதிக்குள்ள சீட்டு வேணும் சார். லீவு கேட்டாலும் சீட்டுத்தான் கேப்பாக" என்றான் அவன்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். எழுதினார். நோயாளி தன் காதில் தொடர்ந்து இரைச்சல் இருப்பதாகக் கூறுகிறார், கேட்கும் திறன் பற்றி முடிவு சொல்ல இயலவில்லை.

"இதுக்கு மருந்து சார்?"

"இல்லைய்யா. பழகிக்கிடணும்."

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அப்படித்தான். மாலையில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்கள், அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. இன்று அவன் பேசாமல் இருந்த ஒவ்வொரு நொடியும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பேசாமைக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். அம்மையநாயக்கனூர் தாண்டியதும் அவன் தோளைத் தொட்டாள். தன் முகத்தை அவன் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கயாச்சும் நிக்குமா அது? செத்த நேரமாச்சும்?"

அவன் யோசித்தான். யோசித்துச் சொல்ல ஒன்றுமில்லை, பதில் தெரிந்ததுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"மில்லுக்குள்ள" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் ரேடியோ ஓயவில்லை. வேளாண் செய்தி, சினிமாப் பாட்டு, யாரோ யாரையோ வாழ்த்துவது, எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கச் சொன்னால் அணைப்பாள். ஐந்து நிமிடத்தில் எழுந்து போய் மறுபடி வைத்துவிடுவாள். அவளால் இனி அவனோடு சும்மா உட்கார முடியவில்லை. அவளை நம்பவைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருந்தான். நம்பிவிட்டாள். வீட்டில் இருந்த கடைசி அமைதியும் அதோடு போயிற்று.

லேபர் ஆபீசர் இரண்டு சீட்டையும் படித்தார்.

"மொத சீட்டு நார்மல். ரெண்டாவதுல முடிவு சொல்ல முடியலைங்குது. இரைச்சல் இருக்குன்னு போடலையே. இருப்பதாகக் கூறுகிறார்னுதான போட்டிருக்கு. கூறுறதுதான் எனக்கே தெரியுமேய்யா. நீருதான் தெனமும் வந்து கூறுறீரே."

நாச்சிமுத்துவின் நாற்காலியில் ஜூலை ஒன்றாம் தேதி வேறொருவன் உட்கார்ந்தான். அவன் சின்னப் பையன், மேனேஜருக்கு வேண்டியவன் என்று பீர் முகமது சொன்னான். "வழக்குப் போடுவோம் மாப்ள, விடக்கூடாது" என்றும் சொன்னான். சூசைமாணிக்கம் சரி என்றான். எதை வைத்து என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் ஷிப்ட். சைக்கிளை நிறுத்திவிட்டு வேப்பமரங்களுக்குக் கீழே நடந்து போனான். குருவிகள் இருந்தன, அவற்றின் வாய் திறந்து மூடியது. ஊதல் அவனோடு நடந்தது. பிரிவின் இரும்புக் கதவைத் திறந்ததும் வெக்கையும் பஞ்சுத் தூசியும் இரைச்சலும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. நான்கு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் ஊதல் காணாமல் போனது.

அவன் நின்றுவிட்டான். எப்போதும் நடப்பதுதான். இன்றுதான் அதற்காக நின்றான். நாலாபக்கமும் ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுற்ற, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வெள்ளி மூன்று மணிக்கு முழந்தாளிட்டவன் போல நின்றான். இந்தச் சத்தம்தான் அதைக் கொடுத்தது. இன்றைக்கும் கொஞ்சம் கொடுக்கும். கதவுக்கு வெளியே அது இன்னும் கொஞ்சம் வளர்ந்து காத்திருக்கும்.

பீர் முகமது எதிரிலிருந்து உள்ளங்கையை மலர்த்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். இவன் தலையை ஆட்டினான். நூல் அறுந்தது, ஒட்டினான். அறுந்தது, ஒட்டினான்.

ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தபோது மேஸ்திரி வரிசையின் அந்தக் கடைசியில் தெரிந்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சூசைமாணிக்கம்தான் கையைத் தூக்கி, அவர் பார்க்கும்வரை காத்திருந்து, இரண்டு விரலை நிமிர்த்திக் காட்டினான்.